வாவிக்கு நான்கு வினாடி

சுலோஜனாவுக்கு ஒன்பது வயதில் கண் போனது. பதினொரு நாள் காய்ச்சலில் கிடந்தவள், பன்னிரண்டாம் நாள் எழும்பி உட்கார்ந்து, "விடிஞ்சிட்டுதா?" என்று கேட்டாள். அப்போது பகல் பத்தரை மணி. அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. யாராவது அதைப் பற்றி இரக்கமாகக் கேட்டால், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்வது போல நாலு வார்த்தையில் சொல்லி முடித்துவிடுவாள்.

நாவற்குடாவில் அக்கா தவமலரோடு இருந்தாள். அக்கா பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். சுலோஜனாவுக்கு டவுனில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி இணைத்துக் கொடுக்கும் வேலை. காலையில் இருவரும் ஒன்றாகப் புறப்பட்டுச் சந்தி வரை நடந்து, அங்கே பிரிவார்கள். அந்த நடையில்தான் இருவருக்கும் தினமும் சச்சரவு. சுலோஜனா நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'டொக்' என்று ஒரு சத்தம் எழுப்புவாள். அது மதிலில் பட்டுத் திரும்புகிற விதத்தை வைத்து மதில் எங்கே முடிகிறது, எங்கே படலை திறந்து கிடக்கிறது, எங்கே லொறி நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விடுதிப் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது தானாகப் பழகியது.

"ரோட்டால போகக்குள்ள அதைச் செய்யாத சுலோ. ஆக்கள் பாக்கிறாங்க."

"பாத்தா பாக்கட்டும். நானும் பாக்கத்தானே செய்யிறன்."

அக்கா எட்டி நடப்பாள். ஆனாலும் மறுநாளும் சொல்லுவாள்.

அலுவலகத்தில் கழித்துவிட்ட மடிக்கணினி ஒன்று ஒரு நாள் சுலோஜனாவின் கைக்கு வந்தது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை அதில் போட்டாள். சின்ன வயதிலிருந்தே சத்தங்களைச் சேர்த்துக் கோக்கும் ஆசை அவளுக்கு இருந்தது. இசையமைக்கிற மென்பொருள்கள் சிலவற்றைத் திறந்து பார்த்தாள். எல்லாம் படங்களும் திருகிகளும். வாசிக்கும் குரல், "பொத்தான், பொத்தான், பெயரில்லாத பொத்தான், பொத்தான்" என்று ஓதிக்கொண்டே போனது. ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு மூடிவைத்தாள்.

அதற்குப் பிறகுதான், கண் தெரியாதவர்கள் இணையத்தில் பேசிக்கொள்ளும் குழு ஒன்றில், இசையை முழுக்க எழுத்திலேயே எழுதுகிற நிரல்மொழி ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டாள். வரி வரியாக எழுதினால் கணினி அதன்படி ஒலிக்கும். எழுதிய வரியை அந்தக் குரல் பிழையில்லாமல் வாசித்துக் காட்டும். இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டினாள். முதலில் செய்தவை எல்லாம் கைத்தொலைபேசி மணி போல இருந்தன என்று அக்கா சொன்னாள். அது உண்மைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு ஓடையில், அறைகளுக்கு இடையிலான ஒடுங்கிய நடைவழியில், நடந்தபடி நாக்கைத் தட்டியபோது, தான் தினமும் கேட்பதையே கணினிக்கும் கேட்கக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. தட்டிய சத்தத்துக்கும் திரும்பி வந்த சத்தத்துக்கும் இடையிலான நேரத்தை அளக்கும்படி நிரல் எழுதினாள். சுவர் கிட்ட இருந்தால் சுரம் உயரும். தூரப் போகப் போக இறங்கும். திரும்பி வந்தது கூர்மையாக இருந்தால் சீமெந்து, மழுங்கி இருந்தால் துணி அல்லது செடி. நாதம் அதற்கேற்ப மாறும். எத்தனை தரம் திரும்பி வந்ததோ அத்தனை சுரம். மெட்டு எதையும் அவள் போடவில்லை. விதிகளை எழுதினாள், மெட்டை அந்த இடமே போட்டுக்கொண்டது. அன்று பின்னேரம் அந்த ஓடை, ஏழு சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற ஒரு சின்னத் துண்டாக ஒலித்தது. இரண்டாம் தரம் கேட்டபோது, அலுமாரி இருக்கும் இடத்தில் சுரம் தாவுவதை அவள் கண்டுகொண்டாள்.

அதன் பிறகு பதிவுக் கருவியும் கையுமாக அலையத் தொடங்கினாள். கல்லடிப் பாலத்தின் கீழே போய் நின்றாள். வெறுந் தண்ணீர்த் தாங்கிக்குள் தலையை விட்டாள். காத்தான்குடியில் ஒரு புடவைக்கடைக்குள் நுழைந்து, கடையின் நடுவில் நின்று நாக்கைத் தட்டியபோது, மேலே ஏணியில் நின்ற ஒருவர் கூப்பிட்டார்.

"தங்கச்சி, என்ன தேடுறீங்க?"

"பின்சுவரைத் தேடுறன். காணல்ல."

"அது புடவைக்குப் பின்னால இரிக்கி. கூரை வரைக்கும் அடுக்கி வெச்சிரிக்காங்க."

"அதான். சத்தம் போகுது, திரும்பி வருதில்ல."

ஏணியில் நின்றவர் இறங்கி வந்தார். அவர் றவூப், கடைக்கு ஸ்பீக்கர் பூட்ட வந்தவர். கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் பெருநாள் மேடைக்கும் ஸ்பீக்கர் கட்டுவது அவருடைய தொழில். ஒரு மண்டபத்தில் சத்தம் ஏன் தெளிவாக இருக்கிறது, இன்னொன்றில் ஏன் குழம்பிப்போகிறது என்பதோடு இருபத்தாறு வருடம் போராடியவர். திரும்பி வராத சத்தத்தைப் பற்றி ஒரு ஆள் பேசியதை அன்றுதான் கேட்டார். கடைவாசலில் இரண்டு கதிரையைப் போட்டு, தேத்தண்ணி எடுப்பித்து, ஒரு மணித்தியாலம் கதைத்தார். அங்கத்தைய முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல, சுலோஜனா அவரைக் காக்கா என்று கூப்பிடத் தொடங்கினாள்.

ஊரை ஒட்டிக் கிடக்கும் அகன்ற வாவிக்குப் போகும் யோசனை அவளுடையது. தோணியை ஏற்பாடு செய்தது றவூப். ஒரு சனிக்கிழமை காலை, காற்று எழும்ப முன்னர், அவரே வலித்துக்கொண்டு போனார். கரையின் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. முதலில் மோட்டார் சைக்கிள், பிறகு சேவல், பிறகு யாரோ உடுப்புத் துவைக்கிற சத்தம். நடுவில் துடுப்பை நிறுத்தினார்.

அவள் தட்டினாள். ஒன்றும் வரவில்லை.

இன்னொரு தரம், பலமாகத் தட்டினாள். சத்தம் போனது. போனதுதான். அத்தனை வருடத்தில் அவள் தட்டியதற்கு ஒரு பதிலாவது வராமல் இருந்ததில்லை. வேலி, மரம், போகிற மாடு, ஏதோ ஒன்று. இப்போது தோணியின் விளிம்போடு எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு கையாலும் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள்.

"என்ன இரிக்கி தங்கச்சி?"

"ஒண்டும் இல்ல."

"அப்ப திரும்புவமா?"

"இல்ல காக்கா. இன்னும் பத்துத் தரம் தட்டுறன். ஒண்டும் இல்லாததையும் பதியத்தானே வேணும்."

பத்துத் தரம் தட்டினாள். பிறகுதான் றவூப் துடுப்பை எடுத்தார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பதிவை நிரலுக்குக் கொடுத்தபோது கணினி பேசாமல் நின்றுவிட்டது. பிழை என்றும் சொல்லவில்லை. இருபது நிமிடம் வரிகளைத் திரும்பத் திரும்ப வாசிக்கவைத்துக் கேட்ட பிறகுதான் விளங்கியது. நிரல் திரும்பி வரும் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அவள் அதற்குச் சொல்லியிருக்கவில்லை. விட்டிருந்தால் மின்சாரம் இருக்கும் வரை காத்திருந்திருக்கும்.

"எல்லை போடு," என்றாள் அக்கா, விடைத்தாள் திருத்தியபடி. "எல்லை இல்லாட்டி கணக்கு முடியாது."

"எவ்வளவு போடுற?"

"அது உன்ட கணக்கு."

ஒரு வினாடி போட்டுப் பார்த்தாள். அவசரப்பட்டது போல இருந்தது. பத்து வினாடி போட்டால் கணினி பழுது என்று நினைக்கத் தோன்றியது. தோணியில் இருந்ததை நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு, இனி வராது என்று மனம் விட்டுவிட எவ்வளவு நேரம் எடுத்தது? பதிவை ஓடவிட்டு, ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் தான் விட்டிருந்த நேரத்தை விரலால் எண்ணினாள். நான்கு வினாடி. அதையே எழுதினாள். வாவிப் பகுதி அப்படி ஆனது: ஒரு தட்டு, நான்கு வினாடி வெறுமை, பிறகு அடுத்த தட்டு. பதிந்த தட்டுகளையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஆறு நிமிடம். தான் செய்தவற்றில் அதுவே நேர்மையானது என்று அவள் எண்ணினாள்.

அந்த வருடம், றவூப் சொல்லிக் கேள்விப்பட்டு, ஒரு கலை விழாக் குழு அவளைத் தேடி வந்தது. வந்தவள் பிரஷாந்தி, முப்பது வயது இருக்கும், வேகமாகப் பேசுகிறவள். செங்கலடிப் பக்கம் ஒரு பழைய நெற்களஞ்சியத்தை விழாவுக்கு எடுத்திருக்கிறார்கள், அதில் சுலோஜனாவின் இசையை வைக்கப்போகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, இதுக்குள்ள வாவியில பாடுது எண்டு சொல்ற மீன்ட சத்தமும் வருமா?"

"வராது. மீன் பேசாம இருக்கிற இடத்துக்குத்தான் நான் போனனான்."

பிரஷாந்தி சிரித்தாள். பிறகு, வருகிறவர்கள் எல்லோருக்கும் கறுப்புத் துணி கொடுத்துக் கண்ணைக் கட்டப்போவதாகச் சொன்னாள். 'இருளின் இசை' என்று சுவரொட்டி அடிக்கிறார்களாம்.

"கண்ணைக் கட்ட வேணாம்."

"ஏன் அக்கா? உங்கட அனுபவம் அவங்களுக்கும்…"

"கண்ணைக் கட்டினா அவங்களுக்கு இருட்டுத் தெரியும். எனக்கு இருட்டுத் தெரியாது. நான் இருக்கிற இடத்தில மதில் இருக்கு, மரம் இருக்கு, படலை இருக்கு. இருட்டு அவங்கட சாமான்."

"சரி அக்கா," என்று சொல்லிவிட்டு பிரஷாந்தி போனாள். அந்தச் சரி எந்தச் சரி என்று தவமலருக்குச் சந்தேகமாக இருந்தது. சுலோஜனா அதைக் கணக்கெடுக்கவில்லை.

விழாவுக்கு முதல் நாள் களஞ்சியத்துக்குப் போனார்கள். காவலாளி கோணாமலை, அறுபது தாண்டிய மனிதர், கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார். சுலோஜனா உள்ளே போய் ஒரு தரம் தட்டினாள்; உயர்ந்த தகரக் கூரை, இரண்டு வரிசைத் தூண், தூரத்தில் ஒரு பெரிய மொட்டைச் சுவர். அவளுக்குப் பிடித்துப்போனது. றவூப் எட்டு ஸ்பீக்கரைச் சுற்றிவர நிறுத்தினார். நடுவில் ஒரு மைக். முதல் தட்டை அவளே மேடையில் தட்டுவாள், களஞ்சியம் எப்படி இருக்கிறது என்பதை நிரல் அளந்து, அதிலிருந்து தொடங்கும். மைக் கடைசி வரை திறந்தே இருக்கும். நிரல் தானே ஒலிக்கும்போது காதை மூடிக்கொள்ளும், ஒலி நின்றால் திரும்பக் கேட்கும்.

ஒத்திகையில் ஒரு சிக்கல் வந்தது. கூரையில் காகங்கள் தத்தித் திரிந்தன. அந்தச் சத்தத்தையும் தட்டு என்று நிரல் எடுத்துக்கொண்டது. அதனால் அவள் இன்னொரு விதி எழுதினாள்: எதிரொலியை விட்டு, அரை வினாடிக்குள் தட்டுப் போன்ற கூர்மையான சத்தம் ஒன்றுக்கு மேல் வந்தால் எல்லாவற்றையும் தள்ளிவிடு. தனித்து வருவதை மட்டும் எடு. காகப் பிரச்சினை தீர்ந்தது.

மறுநாள் பின்னேரம் நாலு மணிக்குச் சனம் வந்து நிறைந்தது. நூற்றி நாற்பது பேர் என்று றவூப் எண்ணிச் சொன்னார். தவமலர் இரண்டாம் வரிசையில் இருந்தாள். சுலோஜனா மேசைக்கு முன்னால் உட்கார்ந்து தயாரானபோது, சபை முழுக்கப் பொலித்தீன் உறை கிழிகிற சத்தம் கேட்டது.

"காக்கா, அது என்ன?"

றவூப் எட்டிப் பார்த்தார். "கறுப்புத் துணி குடுத்திரிக்காங்க. கட்டிக்கொண்டிரிக்காங்க."

பிரஷாந்தி பின்னாலேயே வந்து காதோடு சொன்னாள். "அக்கா, குறை நினைக்காதீங்க. விளம்பரத்தில அப்பிடிப் போட்டாச்சு. இப்ப மாத்த ஏலாது."

சுலோஜனா பேசுவதற்கு வைத்திருந்த மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். கண்ணைக் கட்டினவங்க தயவுசெய்து அவிழுங்க. இது இருட்டைப் பற்றின இசை இல்ல. இடத்தைப் பற்றினது. இந்தக் கூரையையும் தூணையும் பாத்துக்கொண்டே கேளுங்க. அதில ஒரு பிழையும் இல்ல."

சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "பாதிப்பேர் கழட்டிட்டாங்க. மத்தவங்க யோசிக்கிறாங்க," என்றார் றவூப். பிரஷாந்தியின் செருப்புச் சத்தம் வேகமாகக் கதவுப் பக்கம் போனது.

அவள் நாக்கைத் தட்டினாள். களஞ்சியம் தாழ்ந்த சுரத்தில் பதில் சொன்னது, எட்டு ஸ்பீக்கரிலும் சுற்றி வந்தது. அதன் பிறகு வீட்டு ஓடை. அதன் பிறகு பாலம்; அது சனத்துக்குப் பிடித்தது, ஆட்கள் கதிரையில் முன்னுக்குச் சரிவதை அவள் கேட்டாள். புடவைக்கடை வந்தபோது இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். பிறகு வாவி.

ஒரு தட்டு. நான்கு வினாடி. ஒரு தட்டு. நான்கு வினாடி.

ஒரு நிமிடம் சனம் பொறுத்தது. பிறகு கதிரைகள் கிரீச்சிட்டன. ஒருவர் இருமினார். யாரோ, "வயர் கழண்டு போச்சோ?" என்று கேட்டார். இரண்டாவது நிமிடத்தில், பின்பக்கம் கதவோரம் நின்ற கோணாமலை, எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்து, மரியாதைக்காகக் கையைத் தட்டினார். ஒரே ஒரு தட்டு. மற்றவர்கள் தட்டாததைக் கண்டு அதோடு நிறுத்திக்கொண்டார்.

நான்கு வினாடி வெறுமையில் காதைத் திறந்து வைத்திருந்த நிரல், வாவியை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டது. கோணாமலை நின்ற மூலையிலிருந்து களஞ்சியம் எப்படி இருந்ததோ அப்படியே ஒலித்தது: கிட்டக் கிடந்த சுவருக்கு ஓர் உச்ச சுரம், கூரைக்கு ஒன்று, எட்டத்துச் சுவருக்கு ஆழத்தில் ஒன்று.

சபை திடுக்கிட்டது. யாரோ சிரித்தார்கள். உடனே இருபது முப்பது பேர் சேர்ந்து கை தட்டினார்கள். ஒன்றும் வரவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார்கள். அப்போதும் இல்லை. காகத்துக்கு எழுதிய விதி அவர்களைத் தள்ளிவிட்டது. சத்தம் ஓய்ந்த பிறகு இடது பக்கத்தில் ஒரு பெண் தனியே தட்டினாள். அவளுக்குப் பதில் வந்தது. கோணாமலைக்கு வந்ததைவிட வேறான ஒன்று, தூணுக்குப் பக்கத்தில் இருந்தபடியால் நெருக்கமான சுரங்கள்.

சுலோஜனாவின் விரல் நிறுத்தும் விசையின் மேல் இருந்தது. வாவி போய்விட்டது. ஆறு நிமிடத்தில் இரண்டைத்தான் கேட்டிருக்கிறார்கள். நிறுத்தி, மன்னிப்புச் சொல்லி, திரும்பத் தொடங்கலாம்.

அவள் அழுத்தவில்லை. அதற்குள் மூன்றாவது ஆள் தட்டிவிட்டார், நான்காவதும். அவளுக்குள் ஏதோ இடம் மாறியது. இத்தனை வருடமும் அவள் அறிந்த எல்லா இடமும் அவள் நின்ற இடத்திலிருந்து அறிந்தவை. சுவர் என்றால் அவளிடமிருந்து இத்தனை அடி. மரம் என்றால் அவளுக்கு இடப்பக்கம். இப்போது முதல் வரிசைக்காரருக்கு இருக்கிற களஞ்சியமும், தூணடிப் பெண்ணுக்கு இருக்கிற களஞ்சியமும், கதவோரக் காவலாளிக்கு இருக்கிற களஞ்சியமும் ஒவ்வொன்றாக அவளிடம் வந்துகொண்டிருந்தன. விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

தனித்துத் தட்டினால்தான் பதில் வரும் என்பது சனத்துக்கு விளங்க மூன்று நிமிடம் எடுத்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே முறை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் தட்ட, மற்றவர்கள் அந்தச் சுரம் அடங்கும் வரை இருந்தார்கள். ஒருத்தி மிக மெதுவாகத் தட்டினாள். எதிரொலி மைக்குக்கு எட்டவில்லை. நிரல் நான்கு வினாடி காத்திருந்தது. நூற்றி நாற்பது பேரும் காத்திருந்தார்கள். ஒரு கதிரைகூட அசையவில்லை.

பதினொரு நிமிடத்துக்குப் பிறகு அவளே நிறுத்தினாள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் தவமலர் பக்கத்தில் இருந்தாள். ஏறாவூர் தாண்டிய பிறகு சொன்னாள், "சனம் கை தட்டினதுதான் எல்லாத்திலயும் நல்லா இருந்தது சுலோ."

"அது நான் செய்தது இல்ல."

"தெரியும். அதான் சொல்றன்."

சுலோஜனாவுக்கு இரண்டு நாள் கோபம் இருந்தது. அக்காவிலா, சனத்திலா, தன்னிலா என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம். மூன்றாம் நாள் பிரஷாந்தி அழைத்தாள். துணி விசயத்துக்கு வருத்தம் தெரிவித்தாள். அந்தப் பகுதி அற்புதம், இன்னொரு ஊரில் வைக்கக் கேட்கிறார்கள் என்றாள். "ஆனா அக்கா, அந்த வாவித் துண்டை எடுத்துப்போட்டு, கை தட்டுறதை மட்டும் வைப்பமா?"

"வாவி இல்லாட்டி அவங்க தட்டியிருக்க மாட்டாங்க."

"அது தற்செயல்தானே?"

"ஓம். ஆனாலும் எடுக்க மாட்டன்."

கேட்டுவிட்டுச் சொல்வதாகக் கூறி பிரஷாந்தி அழைப்பை வைத்தாள். அதன் பிறகு அழைக்கவில்லை. சுலோஜனாவும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து றவூப் அழைத்தார். காத்தான்குடியில் புதிதாக ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். மைக்கில் யார் பேசினாலும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. மண்டபத்துக்காரி ஸைனம்பு, ஸ்பீக்கர்தான் பழுது என்று றவூபை இரண்டு தரம் மாற்ற வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை அங்கே கல்யாணம். "நான் சொன்னா கேக்க மாட்டாங்க தங்கச்சி. நீங்க ஒருக்கா வந்து பாருங்க."

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். புதுப் பூச்சு மணம். அவள் வாசலில் ஒரு தரம், நடுவில் ஒரு தரம் தட்டினாள். பிறகு, "நீங்க அந்த மூலையில நிண்டு ஒருக்காக் கை தட்டுங்க," என்று ஸைனம்புவிடம் சொன்னாள். அவள் சங்கடத்தோடு தட்டினாள். றவூபை மேடையிலும், பந்தல் போட வந்திருந்தவரைச் சமையலறைக் கதவிலும் நிறுத்தித் தட்டவைத்தாள்.

"ஸ்பீக்கர்ல ஒரு பிழையும் இல்ல. பின்சுவர்தான் எல்லாத்தையும் திருப்பி எறியுது. பக்கச் சுவரைத் தொடாதீங்க. பின்னால மட்டும் தடிச்ச திரை போடுங்க, சுவரில ஒட்டாம ஒரு முழம் முன்னால."

"கண்ணால கண்ட மாதிரிச் சொல்றீங்களே," என்றாள் ஸைனம்பு.

சுலோஜனா பின்சுவர் வரை நடந்து, திரை தொங்க வேண்டிய இடத்தைக் கையால் காட்டினாள். புடவைக்கடையிலிருந்து துணிச்சுருளை எடுத்துவந்து, ஏணி வைத்து, பின்னேரம் வரை கட்டினார்கள். கட்டி முடித்த பிறகு ஸைனம்பு மேடையில் ஏறி, கையில் கிடைத்த சாமான் பட்டியலை மைக்கில் வாசித்தாள். சம்பா அரிசி, கசுக்கொட்டை, பேரீச்சம்பழம், ஏலக்காய். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கடைசிக் கதிரை வரை வந்தது.

"விளங்குதா?" என்று மேடையிலிருந்து கேட்டாள்.

"ஏலக்காய் வரைக்கும் விளங்குது," என்றாள் சுலோஜனா. "மிச்சத்தையும் வாசிங்க."